சக்கரத்துக்குப் பூட்டு போட அதிகாரம் யாருக்கு?



கீரமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நம் கடைக்கு வாடிக்கையாகச் சரக்கு எடுக்க வரும் மளிகைக்காரர் ஒருவர், சென்ற மாதம் ஒரு நாள் காலையில் சிட்டையைக் கொடுத்துவிட்டு, மூட்டை ஏற்ற வண்டியை எடுத்து வருகிறேன் என்று போனார். மதியம் வரை ஆளைக் காணவில்லை. விசாரித்ததில், தனியார் கட்டிடம் ஒன்றின் முன்னால் காலியாகக் கிடந்த இடத்தில் அவர் நிறுத்திய லோடு ஆட்டோவின் சக்கரத்தில் மஞ்சள் நிறப் பூட்டு தொங்கியது. காவலாளி 500 ரூபாய் கேட்டாராம். ரசீது கிடையாது. கூடி நின்றவர்களில் இரண்டு பேர் "கடப்பாரையைக் கொண்டா அண்ணே, நெம்பிப்புடலாம்" என்று தூண்டிவிட்டார்களாம். நல்ல வேளையாக அவர் அதைச் செய்யவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அவருடையது ஒற்றை ஆள் கடை. அவர் டவுனுக்கு வந்தால் அங்கே கடை பூட்டு. 500 ரூபாயைவிட அரை நாள் வியாபாரம் போனதுதான் பெரிய நஷ்டம்.

"பூட்டு போட இவர்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?" என்று அவர் கேட்டபோது நமக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை நம் உறுப்பினர்கள் அறிவது நலம் என்று இதை எழுதுகிறோம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 127ஆவது பிரிவு இதைப் பற்றியது. பொது இடத்தில் ஒரு வண்டியை ஆளில்லாமல் 10 மணி நேரமோ அதற்கு மேலோ விட்டுவைத்தாலும், சட்டப்படி நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினாலும், அதை இழுத்துப் போகவோ, சக்கரப் பூட்டு போன்ற சாதனத்தால் நகராமல் செய்யவோ அனுமதி கொடுக்கலாம். யார் கொடுக்கலாம்? அந்த எல்லைக்கு அதிகாரம் உள்ள, சீருடை அணிந்த போலீஸ் அதிகாரி. சட்டம் அவரைத்தான் சொல்கிறது. கட்டிடச் சொந்தக்காரரையோ, காவலாளியையோ, பார்க்கிங் குத்தகை எடுத்தவரையோ சொல்லவில்லை. குத்தகைதாரர் வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்கலாம். அதற்கு மேல் அவராகப் பூட்டு போட இந்தப் பிரிவு இடம் தரவில்லை. தன் இடத்தில் அந்நிய வண்டி நின்றால் சொந்தக்காரர் போலீசில் புகார் சொல்லலாம். பூட்டைப் போட்டுவிட்டுக் காசு கேட்டால், அவர் மேலேயே புகார் வர இடமுண்டு.

இதைப் படித்துவிட்டு நம்மவர்கள் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். போர்டு இல்லாத இடமெல்லாம் நிறுத்தும் இடம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தவறு. வண்டி ஓட்டுவது பற்றிய மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிமுறைகளில், நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் இடம், பஸ் நிறுத்தம், பிறர் வாசல், நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசை ஆகியவற்றில் நிறுத்தக் கூடாது என்றே இருக்கிறது. கீழ ராஜ வீதியில் இரண்டாவது வரிசையில் நிற்பவை யாருடைய வண்டிகள் என்பது நமக்குத் தெரியாததல்ல. நம் கடைகளுக்கு வருபவைதான். அபராதமும் முன்போல் 100 ரூபாயோடு நிற்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு 177ஆவது பிரிவில் முதல் தடவைக்கு 500 வரை, மறு தடவைக்கு 1,500 வரை என்று ஏறிவிட்டது. வண்டியை இழுத்துப் போனால் அந்தச் செலவும் உடையவர் தலையில்தான். ஆனால் 127ஆவது பிரிவு இழுக்கும் செலவைப் பற்றிப் பேசுகிறதே தவிர, பூட்டைத் திறப்பதற்குத் தனிக் கூலி என்று எதையும் சொல்லவில்லை. அப்படி யாராவது கேட்டால் எந்த உத்தரவுப்படி என்று கேட்டு ரசீது வாங்குங்கள்.

நம் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன்பு நம் கிட்டங்கி வாசலில் தினமும் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போவார். லாரி வந்து திரும்ப முடியாது. ஒரு நாள் கோபத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டோம். அவர் போலீஸை அழைத்து வந்துவிட்டார். வந்த ஏட்டையா, "பெரியவரே, நீங்க எங்களைக் கூப்பிட்டிருக்கணும். இப்போ அவர் புகார் எழுதிக் கொடுத்தா உங்களைத்தான் விசாரிக்கணும்" என்றார். சங்கிலியை அவிழ்த்துவிட்டு அந்தத் தம்பியிடம் வருத்தமும் தெரிவித்தோம். நியாயம் நம் பக்கம் இருந்தது, அதிகாரம் இல்லை.

சரி, பூட்டை உடைக்கலாமா? போலீஸ் போட்டதை உடைத்தால் அரசு ஊழியரைத் தடுத்தது, பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியது என்று 500 ரூபாய் விவகாரம் கோர்ட்டு விவகாரமாகிவிடும். அபராதம் தவறென்று தோன்றினால் கட்டாமல் மாஜிஸ்திரேட் முன் சொல்லிக்கொள்ள வழி இருக்கிறது. தனியார் போட்ட பூட்டாக இருந்தாலும் நெம்ப வேண்டாம் என்பதே நம் அபிப்பிராயம். பூட்டு அடுத்தவர் பொருள். வளைந்தால் அவர் புகார்தாரர், நாம் குற்றவாளி. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு 100க்குப் போன் செய்யலாம். அவசரத்துக்குப் பணம் கொடுத்தே தீரவேண்டும் என்றால், ஆட்சேபத்துடன் கொடுத்ததாக எழுதி வாங்கலாம்.

வெளிநாட்டிலும் இந்தத் தொல்லை இருந்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் தனியார் இடத்தில் பூட்டுப் போட்டுப் பணம் கேட்பது திருட்டுக்கும் மிரட்டிப் பறிப்பதற்கும் சமம் என்று 1992இல் கோர்ட்டு சொன்னது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2012 அக்டோபர் 1 முதல் தனியார் இடங்களில் அதைத் தடுத்துச் சட்டமே வந்துவிட்டது.

நம் ஊர் 2024இல் மாநகராட்சி ஆகியிருக்கிறது. இனி வண்டிகளும் கூடும், பூட்டுகளும் கூடும். மேற்படி சட்டத்தின் 117ஆவது பிரிவில், வண்டிகள் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு அரசோ அரசு அதிகாரம் கொடுத்த அமைப்போ நிர்ணயிக்கலாம் என்று இருக்கிறது. அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி பக்கங்களிலிருந்து வரும் சிறு கடைக்காரருக்குச் சரக்கு ஏற்ற அரை மணி நேரம் நிற்க ஓர் இடம் வேண்டும். ராஜ வீதிகளில் இன்னின்ன இடம், காலையில் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை என்று குறித்துப் போர்டு வைக்கும்படி நம் சங்கம் கலெக்டர் அவர்களிடமும் மாநகராட்சியிடமும் மனுக் கொடுக்க வேண்டும். மனுவோடு நாமும் ஒரு வாக்குக் கொடுக்கவேண்டி வரும்: லாரி லோடு காலை எட்டு மணிக்குள் இறங்க வேண்டும், கடைக்கு வெளியே நடைபாதையில் அடுக்கிய டின்களும் மூட்டைகளும் உள்ளே போக வேண்டும். இதற்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். நம் கடை டின்களை நாம் உள்ளே எடுத்துவிட்டோம். உறுப்பினர்கள் தங்கள் கடைக்குச் சரக்கு வரும், போகும் நேரத்தை ஒரு தாளில் எழுதி, அடுத்த கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.