காயத்துக்கு மணித்தியாலங்கள், சட்டத்துக்கு நாட்கள்

தடுப்புக்காவல் மரணங்களில் முதலில் எழும் கேள்வி, காயம் எப்போது ஏற்பட்டது என்பதுதான். கைதுக்கு முன்பா, பின்பா, இறந்த பிறகா? 2023 நவம்பரில் வட்டுக்கோட்டை பொலிஸாரால் கைதான இளைஞர் உயிரிழந்து, சித்திரவதைக் குற்றச்சாட்டு எழுந்தபோதும் இந்தக் கேள்வி நம் முன் வந்தது.

இதற்கு மருத்துவத்தில் ஓரளவு பதில் உண்டு. உயிருள்ள உடலில் காயம் பட்டதும், அதன் விளிம்பிலுள்ள கலங்கள் ஆற்றும் வேலையைத் தொடங்குகின்றன. அப்போது சில நொதியங்களின் செயற்பாடு கூடுகிறது. 1960களில் பின்லாந்தின் தடயவியல் மருத்துவர் ரேக்காலியோ இதை வரிசைப்படுத்தினார். எஸ்டரேஸ் சுமார் 1 மணித்தியாலத்திலும், அமினோபெப்டிடேஸ் 2 மணித்தியாலத்திலும், அமில பொஸ்பற்றேஸ் 4 மணித்தியாலத்திலும், கார பொஸ்பற்றேஸ் 8 மணித்தியாலத்திலும் கூடத் தொடங்குகின்றன. இறந்த உடலில் ஏற்படுத்திய காயத்தில் இந்த மாற்றம் தோன்றாது.

ஆனால் இது கடிகாரம் அல்ல. வயது, நோய், உடல் அழுகும் வேகம் என்பன முடிவை மாற்றும். தோல் மாதிரி வேண்டும் என்பதால் பெரும்பாலும் பிரேத பரிசோதனைக்கே இது உதவும். உயிரோடிருப்பவரின் கண்டலில் நிறத்தை மட்டும் பார்த்து நாள் சொல்வதும் நம்பகமானதல்ல. மஞ்சள் நிறம் தெரிந்தால் பொதுவாக 18 மணித்தியாலம் கடந்துவிட்டது எனலாம், அவ்வளவுதான்.

இங்கேதான் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானவரை நீதவானிடம் முற்படுத்தாமல் 72 மணித்தியாலம் வரை வைத்திருக்கலாம். தடுப்புக் கட்டளை கிடைத்தால் மாதக்கணக்கு. 8 மணித்தியாலத்துக்குள் பதிவாகும் மாற்றங்களை அந்தத் தாமதம் விழுங்கிவிடுகிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதையைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் ஆறிப்போன காயத்தை வைத்து அதை நிரூபிப்பது கடினம்.

ஆகவே குடும்பங்கள் கேட்க வேண்டியவை இரண்டு. கைதானவரைத் தாமதமின்றிச் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுமாறு சட்டத்தரணி ஊடாக நீதவானிடம் கோருங்கள். மரணம் நிகழ்ந்திருந்தால், காயங்களின் விளிம்பிலிருந்து மாதிரி எடுத்து நுணுக்குக்காட்டியில் பரிசோதித்தார்களா என்று விசாரணையில் கேளுங்கள்.

இன்னொன்று: பல வருடங்களுக்கு முன் பட்ட தழும்புக்கு இன்று எந்தச் சோதனையும் திகதி சொல்லாது. அதனால் அந்த வாக்குமூலம் பொய்யாகிவிடாது. உடலில் அடையாளம் இல்லை என்பதால் சித்திரவதை நடக்கவில்லை என்று கொள்ள முடியாது என்பதே ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை.