‘பாத்துட்டேன்’னு பைலட் சொன்னா போதுமா? வானத்தில் ஒரு வார்த்தையை நம்பி நடக்கும் விஷயம்!

2023 அக்டோபர் 16-ம் தேதி இரவு. மியூனிக்கிலிருந்து வந்த லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஏ350, சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. வானம் தெளிவு, ரன்வேயும் திறந்திருக்கிறது, மத்த விமானங்கள் வரிசையா இறங்கிக்கிட்டே இருக்கு. இவங்களுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. கன்ட்ரோலருக்கும் பைலட்டுக்கும் வாக்குவாதம் முற்றி, கடைசியில் விரிகுடாவின் எதிர்க்கரையில் இருக்கும் ஓக்லாந்தில் போய் இறங்கினார்கள். அந்த ரேடியோ உரையாடல் யூடியூபில் சுத்தினப்போ நீங்களும் கேட்டிருக்கலாம். கன்ட்ரோலர் பேசின தொனி யாருக்கும் பிடிக்காது. ஆனால், விஷயம் தொனி இல்லை.

அன்றைக்கு அந்த விமான நிலையம் ‘விஷுவல் செப்பரேஷன்’ முறையில் விமானங்களை இறக்கிக்கொண்டிருந்தது. இரவில் அந்த முறையை ஏற்கக் கூடாது என்பது லுஃப்தான்சாவின் விதி. சண்டைக்குக் காரணம் இவ்வளவுதான்.

அது என்ன முறை? சாதாரணமா விமான நிலையத்தை நெருங்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவில் பக்கவாட்டில் சுமார் ஐந்தரை கிலோமீட்டரோ, இல்லைன்னா உயரத்தில் 1,000 அடியோ இடைவெளி இருக்கணும். ராடார் திரையைப் பார்த்து அதைக் காப்பாற்றுவது கன்ட்ரோலரின் வேலை. ஆனா ஒரு பைலட், “முன்னாடி போற விமானத்தைப் பாத்துட்டேன்” என்று சொல்லிவிட்டால் கணக்கே மாறிடும். “சரி, அதைப் பாத்துக்கிட்டே விலகி வாங்க” என்பார் கன்ட்ரோலர். அந்த நொடியிலிருந்து ஐந்தரை கிலோமீட்டர் கட்டாயம் இல்லை. விலகியிருக்கும் பொறுப்பு பைலட்டின் கண்ணுக்குப் போய்விடுகிறது.

எதுக்கு இந்த ரிஸ்க்? இடப்பற்றாக்குறைதான். சான் ஃபிரான்சிஸ்கோவின் இரண்டு இணை ரன்வேக்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 750 அடிதான், அதாவது 230 மீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. ஒரு ஏ350-ன் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 65 மீட்டர். மூணரை விமான அகலத்தில் இரண்டு ரன்வே! கண்ணால் பார்த்து இறங்கினால் இரண்டிலும் ஜோடி ஜோடியா இறக்கலாம். பனி மூடி அந்த வழி அடைபட்டால், இறங்கும் விமானங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட பாதியாகிவிடும். அப்புறம் நாடு முழுக்க டிலேதான்.

பகல் வெளிச்சத்தில், ஒரே திசையில் போகும் இரண்டு ஜெட்டுகளுக்கு இந்த முறை நல்லாவே வேலை செய்யும். நாள்தோறும் எத்தனையோ விமானங்கள் இப்படி இறங்கியிருக்கின்றன. அதனால் ‘அமெரிக்காக்காரங்க அலட்சியம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

பிரச்னை நம்ம கண்ணு. நைட்ல ஹைவேயில் பைக் ஓட்டியிருப்பீங்க. எதிரே ஒரு ஒற்றை லைட் வருது. அது பைக்கா, இல்ல ஒரு ஹெட்லைட் போன லாரியா? பக்கத்தில் வர்ற வரைக்கும் தெரியாது. இரவு வானத்திலும் விமானம் என்பது சில வெளிச்சப் புள்ளிகள்தான். பின்னணியில் நகரத்தின் லட்சம் விளக்குகள் வேறு. இன்னொன்று இதைவிட விவகாரமானது. உங்களை மோதப்போகும் விமானம் உங்க கண்ணாடியில் நகராது. ஒரே இடத்தில் அசையாமல் நின்றபடி, கடைசி நொடிகளில்தான் திடீரெனப் பெரிதாகும். நம் கண்ணோ அசைவதைத்தான் சட்டுனு பிடிக்கும். ஆக, நகர்ந்துபோகும் ஆபத்தில்லாத விமானம் எளிதா கண்ணில் படும், மோதப்போவது படாது.

அதுக்கு அப்புறம்தான் முக்கியமான கேள்வி. ‘பாத்துட்டேன்’ சரி, *எதை* பாத்தீங்க?

2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் நடந்தது அதுதான். ரீகன் விமான நிலையத்தில் இறங்க வந்த பயணிகள் ஜெட்டும், ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் பொட்டோமாக் ஆற்றுக்கு மேலே மோதின. இரண்டிலும் இருந்த 67 பேரும் இறந்துபோனார்கள். மோதலுக்கு முந்தைய இரண்டு நிமிடங்களில், ஹெலிகாப்டர் குழு இரண்டு முறை ஜெட்டைப் பார்த்துவிட்டதாகச் சொல்லி, விஷுவல் செப்பரேஷன் கேட்டது. கன்ட்ரோலரும் அனுமதித்தார். ஹெலிகாப்டர்களையும் விமானங்களையும் அன்றைக்கு ஒரே ஆள்தான் கவனித்துக்கொண்டிருந்தார். ஜெட்டின் எச்சரிக்கைக் கருவி சுமார் 20 விநாடிக்கு முன்பு ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்று குரல் கொடுத்தது. ஆனால், ‘மேலே ஏறு, கீழே இறங்கு’ என்று அந்தக் கருவி கட்டளை இடாது. தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே அந்த வசதி தானாகவே அணைந்துவிடும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள்.

விசாரித்த என்டிஎஸ்பி அமைப்பு 2025 மார்ச்சில் வெளியிட்ட கணக்கு இன்னும் கொடுமை. ஹெலிகாப்டர் பாதைக்கும், அந்த ரன்வேயில் இறங்கும் பாதைக்கும் நடுவே ஓர் இடத்தில் உயர வித்தியாசம் 75 அடி மட்டுமே. ஏழு மாடிக் கட்டட உயரம்! 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை, பயணிகள் விமானமும் ஹெலிகாப்டரும் ரொம்பவே நெருங்கிய சம்பவங்கள் 15,214. அதில் 85 சம்பவங்களில் பக்கவாட்டு இடைவெளி 1,500 அடிக்கும் குறைவு, உயர இடைவெளி 200 அடிக்கும் குறைவு. டேட்டா எல்லாம் கையில் இருந்தது. கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. 67 பேர் போன பிறகுதான் அந்த ஹெலிகாப்டர் பாதையை மூடினார்கள், விமான நிலையத்தைச் சுற்றி 5 மைலுக்குள் விஷுவல் செப்பரேஷன் கிடையாது என்றார்கள்.

இது புதுப் பாடமா என்றால், அதுவும் இல்லை. 1978-ல் சான் டியாகோவில் ஒரு போயிங் 727, தனக்கு முன்னால் போன குட்டி செஸ்னா விமானத்தைப் பார்த்துவிட்டதாகச் சொன்னது. பிறகு அது கண்ணிலிருந்து மறைந்தது. தாண்டிப் போயிருக்கும் என்று காக்பிட்டில் நினைத்துக்கொண்டார்கள். செஸ்னா அவர்களுக்குக் கீழேயேதான் இருந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 உயிர்கள் போயின.

இப்போ லுஃப்தான்சா பைலட்டை நினைச்சுப் பாருங்க. வாஷிங்டன் விபத்தில் குறுக்கே வந்தது ஹெலிகாப்டர், சான் ஃபிரான்சிஸ்கோவில் பக்கத்தில் வருவது இன்னொரு ஜெட். இரண்டும் ஒன்றில்லைதான். ஆனாலும் ‘இருட்டில் கண்ணை நம்பி இறங்க மாட்டோம்’ என்ற அந்த விதி, 2023-ல் வீண் பிடிவாதமாகத் தெரிந்த அளவுக்கு இன்றைக்குத் தெரியவில்லை.

கண்ணுக்குத் துணையா தொழில்நுட்பம் இல்லாமலா? உங்க போனில் ஃபிளைட்ராடார்24 இருந்தால் திறந்து பாருங்க. மேப்பில் நகரும் அந்தக் குட்டி மஞ்சள் விமானங்களில் பெரும்பாலானவை ‘ஏடிஎஸ்-பி’ சிக்னலால் தெரிபவை. மற்ற விமானங்கள் அனுப்பும் அந்த சிக்னலை காக்பிட்டிலேயே வாங்கிக் காட்டும் கருவியைப் பொருத்தச் சொல்லி என்டிஎஸ்பி பல வருஷமா கேட்டுவருகிறது. வாஷிங்டனில் விழுந்த அந்த ஜெட்டில் அந்தக் கருவி இல்லை. ஹெலிகாப்டரும் அன்றைக்கு அந்த சிக்னலை அனுப்பவில்லை.