பச்சை உடம்புக்காரி புத்தகம் படிச்சா கண்ணு கெட்டுடுமா?

1/ பிரசவம் ஆன பெண்ணின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குற எல்லா வீட்டாருக்கும் இந்த இழை. கொஞ்சம் காரமா இருக்கும். கடைசி வரைக்கும் படிங்க.

2/ "பச்சை உடம்பு, இப்போ படிச்சா கண்ணு கெட்டுடும்." ஓபியில் அடிக்கடி காதில் விழும் வசனம். படிப்பதால் கண் கெடாது. பிரசவத்துக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி.

3/ ஆனா பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் கண் மங்குது, விடாம தலை வலிக்குதுன்னா? "அப்பவே படிக்காதேன்னு சொன்னேனே" என்று புத்தகத்து மேல பழி போடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் பிபி பாருங்க. பிரசவத்துக்குப் பிறகும் ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வரலாம். உயிர் போகிற விஷயம் இது.

4/ அடுத்து அந்த மூடின அறை. மார்கழிப் பனிக்குச் சொன்ன பத்தியத்தை சித்திரைக் கத்திரியிலும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம். ஜன்னல் சாத்தி, ஃபேன் நிறுத்தி, காதுல பஞ்சு வெச்சு, "தண்ணி குறைச்சுக் குடி" வேற. பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீர் கூடுதலா வேணும். காலம் மாறினா நம்ம சாப்பாடும் துணியும் மாறுது. அவளுக்கு மட்டும் மாறக்கூடாதா?

5/ "பாட்டி காலத்து அறியாமை"ன்னு சிரிக்காதீங்க. எங்க ஆளுங்களும் செஞ்சாங்க. 1887-ல் அமெரிக்காவில், குழந்தை பெற்ற பின் மனச்சோர்வில் தவித்த எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மனுக்கு டாக்டர் சைலஸ் வெயர் மிட்செல் கொடுத்தது 'ஓய்வு சிகிச்சை'. மூளைக்கு வேலை நாளுக்கு 2 மணி நேரம்தான். பேனாவைத் தொடவே கூடாது. சுமார் 3 மாதத்தில் மனம் சிதையும் விளிம்புக்கே போய்விட்டதாக அவரே பின்னாளில் எழுதினார்.

6/ சொந்தக்காரங்களுக்கு ஃபோன்ல குழந்தை படம் அனுப்பினா மட்டும் கண் கெடாதாம்! பிரச்சினை கண்ணே இல்லைங்க. அவ தனக்குன்னு பத்து நிமிஷம் எடுத்துக்கிறதுதான் உறுத்துது.

7/ புத்தகம் மனச்சோர்வுக்கு மருந்துன்னு நான் சொல்லல. பிரசவித்தவர்களில் சுமார் 13% பேருக்கு மனநலப் பிரச்சினை, முக்கியமா மனச்சோர்வு, வருதுங்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முதல் இரண்டு வார அழுகை சகஜம். அதைத் தாண்டினா மருத்துவரைப் பாருங்க. சித்திரையில் பெற்றவளுக்கு ஐப்பசி மழையிலும் தொடங்கலாம். டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம்.

8/ இப்போ செய்ய வேண்டியது: ஜன்னலைத் திறங்க. குழந்தையை அரை மணி நேரம் நீங்க வாங்கிக்கோங்க. அவ படிக்கட்டும், தூங்கட்டும், சும்மா மழையைப் பார்த்துக்கிட்டு உட்காரட்டும். அது அவ இஷ்டம்.