மலரின் முதற்பக்கத்தில் ஒரு வரி

தோல் பதனிடும் தொழிலைப் பற்றி ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் எழுதிய ஆராய்ச்சி நூல் 1904-ம் ஆண்டில் சென்னை அரசாங்க அச்சகத்திலிருந்து பிரசுரமாயிற்று. வட ஆர்க்காடு ஜில்லாவின் வரலாற்றையும் குடிகளையும் தொழில்களையும் ஆர்தர் காக்ஸ் தொகுத்த கையேடு அதற்கும் முன்னரே, 1881-ல் வெளிவந்து, 1895-ல் ஸ்டூவர்ட்டால் திருத்தி விரிவாக்கப்பட்டது. பதிப்புரிமைக் காலம் முடிந்து நெடுநாளாகிவிட்ட இவ்விரு கிரந்தங்களையும் இன்று வேலூரில் படிக்கும் எந்த மாணவரும் பிரதி எடுக்கலாம், தமிழில் பெயர்க்கலாம், விரும்பினால் அச்சிட்டு விற்கவும் செய்யலாம். ஆனால் அதே பிரதேசத்தில், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் ராணிப்பேட்டையிலும், தலைமுறை தலைமுறையாகத் தோலோடு வாழ்ந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் கல்லூரி ஆண்டுமலர்களிலும் சங்க மாநாட்டு மலர்களிலும் பள்ளி நூற்றாண்டு விழா மலர்களிலும் தம் சொந்த மொழியில் எழுதிவைத்திருக்கும் கட்டுரைகளை அவ்வாறு எடுத்தாள எவருக்கும் வழியில்லை. வெளியிலிருந்து வந்து பார்த்தவர் எழுதியது உலகுக்கெல்லாம் பொதுவாகிவிட்டது. உள்ளேயிருந்து அறிந்தவர் எழுதியதோ முந்நூறு பிரதி அச்சாகி, விழா முடிந்தவுடன் பீரோக்களில் அடைபட்டுவிட்டது. இந்த நிலை மாற வேண்டும் என்பதும், அதற்கு அதிகப் பணமோ பெரிய ஸ்தாபனமோ தேவையில்லை என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

இவற்றை அடைத்து வைத்திருப்பவர் தனி மனிதர் எவருமில்லை. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதியவர் வாய்திறந்து ஒன்றும் கோராவிட்டாலும், எழுத்து உருவான அந்தக் கணத்திலேயே அதன்மேல் அவருக்கு உரிமை பிறந்துவிடுகிறது. அவ்வுரிமை அவர் ஆயுட்காலம் முழுவதும் இருந்து, அவருக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நிலைக்கிறது. ஊதியமின்றி அன்பின் பொருட்டு எழுதிக்கொடுத்த ஒருவரின் கட்டுரைக்கு, அவர் எழுதிக்கொடுத்து மாற்றாத வரையில், அவரே உரிமையாளர், கல்லூரி அன்று. ஒரு மலரில் முப்பது பேர் எழுதியிருந்தால் முப்பது பேரிடமும், காலமானவர்களாயின் அவர்தம் வாரிசுகள் எல்லாரிடமும், சம்மதம் பெற்றாக வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு பழைய மலரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முப்பது பேரைத் தேடிப் புறப்படுவது ஆகிற காரியமா?

இக்கட்டுரைகளைத் திறந்துவிடுவது எதற்காக இப்பொழுது அவசியமாகிறது என்றால், தமிழில் இன்று மிகப் பெரிய கலைக்களஞ்சியமாக வளர்ந்து நிற்பது தமிழ் விக்கிப்பீடியா. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மயூரநாதன் அயல்நாட்டிலிருந்தபடியே 2003-ம் ஆண்டு செப்டம்பரில் வித்திட்ட அந்த முயற்சி, ஊதியம் பெறாத தன்னார்வலர்களின் உழைப்பால் 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைக் கடந்தது. வேலூர்க் கோட்டையைப் பற்றியும் 1806-ம் ஆண்டுச் சிப்பாய்க் கிளர்ச்சியைப் பற்றியும் எழுதுவதற்கு நூல்கள் பல உண்டு. எவரும் தேடி எடுத்து எழுதிவிடலாம். ஆனால் உப்புத்தோல் வந்திறங்கியது முதல் அதை ஊறவைப்பது, சுண்ணாம்பில் இடுவது, முடி களைவது, சதை நீக்குவது, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பழைய முறையில் பதனிடுவது, அது போய்க் குரோமியம் வந்தபின் டிரம்முக்குள் நடப்பது, விரல்பட்டவுடன் தோலின் பக்குவம் அறிவது ஆகிய ஒவ்வொன்றிலும், ஊரார் தோல் ஷாப்பு என்றழைக்கும் அந்த இடங்களில் பணி செய்தவர்களுக்குள்ள ஞானத்தை எங்கே சென்று எடுப்பது? அதிகாலையில் கம்பெனி வண்டியேறி வந்து காலணியின் மேற்பாகத்தைத் தைக்கும் கிராமத்துப் பெண்களின் வேலை நுட்பத்தை எந்த நூலில் பார்ப்பது? தனக்குத் தெரியும் என்ற காரணத்தால் ஒருவர் விக்கிப்பீடியாவில் நேரே எழுதிவிட முடியாது. முன்பே வேறெங்கேனும் பிரசுரமான ஆதாரம் வேண்டுமென்பது அதன் அடிப்படை விதி. எனவே உள்ளூர் மலர் என்பது நாம் நினைப்பதைவிட மிகப் பெரிய பொருள். கைத்தொழில் ஞானம் எழுத்தாகி முதன்முதலில் அச்சேறும் இடம் பெரும்பாலும் அதுவே.

ஆதாரமாகச் சுட்டுவதற்கு உரிமையாளரின் அனுமதி எதற்கு என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். செய்திக்குப் பதிப்புரிமை இல்லை. அதைச் சொல்லிய விதத்துக்கே உண்டு. மலரிலுள்ள செய்தியைத் தம் சொந்த வாக்கியத்தில் எழுதி, அடிக்குறிப்பில் மலரின் பெயரைச் சுட்டினால் எந்தச் சட்டமும் தடுக்காது. ஆயினும் அந்த அடிக்குறிப்பைப் பின்தொடர்ந்து செல்லும் வாசகர் மலரை எங்கே காண்பார்? அதை வருடி, விக்கிமூலம் என்னும் திறந்த இணைய நூலகத்தில் எல்லாரும் படிக்கும்படி வைக்க வேண்டுமானால் அனுமதி வேண்டும். அதிலுள்ள பழைய புகைப்படங்கள், கருவிகளின் வரைபடங்கள், முதியவர் ஒருவர் தம் அனுபவத்தைத் தம் சொல்லிலேயே கூறிச் செல்லும் நீண்ட பகுதிகள் ஆகியவற்றை எடுத்தாளவும் அனுமதி வேண்டும். செய்தியின் சாரம் வெளியேறிவிடும், அதைச் சொன்னவரின் குரல் உள்ளேயே நின்றுவிடும் என்பதுதான் இன்றுள்ள நிலை.

இதற்கென ஏற்பட்ட ஏற்பாடே திறந்த உரிமம். விக்கிப்பீடியா இன்று கைக்கொள்வது, கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு வகுத்த உரிமங்களுள் ஒன்று. அதன்படி எழுதியவர் தம் பதிப்புரிமையைத் துறப்பதில்லை. அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, இரண்டு நிபந்தனைகளின் பேரில் உலகோர் அனைவருக்கும் முன்கூட்டியே சம்மதம் தருகிறார். எடுத்தாளுபவர் ஆக்கியோர் பெயரைக் குறிப்பிட வேண்டும். அதை மாற்றியோ விரித்தோ வெளியிட்டால், அவ்வாறு ஆன புதிய ஆக்கத்தையும் அதே நிபந்தனையில் பிறருக்குத் திறந்துவிட வேண்டும். ஒருமுறை தந்த சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் எழுதுபவர் அறிந்தே தர வேண்டும்.

தொடக்கத்திலிருந்தே இந்த உரிமம் இருந்ததில்லை. 2001-ம் ஆண்டு ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தொடங்கியபோது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் பிறக்கவில்லை. ஆகவே கணினி மென்பொருள்களின் விளக்கக் கையேடுகளுக்கென்று எழுதப்பட்டிருந்த குனூ தளையறு ஆவண உரிமத்தையே மேற்கொண்டார்கள். அவ்வுரிமத்தில் ஓர் இடர்ப்பாடு இருந்தது: ஒரு பக்கக் கட்டுரையை அச்சிட்டாலும் பல பக்கம் நீளும் உரிமத்தின் முழு வாசகத்தையும் உடன் அச்சிட வேண்டும். துண்டுப் பிரசுரம் போடும் பள்ளி ஆசிரியரால் அது எப்படி முடியும்? 2008 நவம்பரில் அவ்வுரிமத்தை இயற்றியவர்களே அதைத் திருத்தி வழிவிட்டார்கள். 2009-ல் பங்களிப்பாளர்களிடையே நடந்த வாக்கெடுப்பில் 17,000-க்கும் மேற்பட்டோர் பங்குகொண்டு, ஏறக்குறைய முக்கால் பங்கினர் மாற்றத்தை ஆதரித்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் புதிய உரிமத்துக்கு மாறின. 2023-ல் அவ்வுரிமத்தின் நான்காம் பதிப்பு விக்கிப்பீடியாவில் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சரித்திரத்தில் என் மனத்தைத் தொடுவது உரிமத்தின் நுணுக்கமன்று. கலைக்களஞ்சியத்தை எழுதியவர்களையே அழைத்து, உங்கள் எழுத்தை எந்த நிபந்தனையில் உலகுக்கு அளிப்பது என்று கேட்டுத் தீர்மானித்த அந்தச் செயல்தான்.

பணம் பண்ணுகிறவர்கள் பண்ணிக்கொள்வார்களே என்ற அச்சம், நம் பகுதியில் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியவுடன் எழுகிறது. அதை அலட்சியமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை, ஏனெனில் அந்த அச்சத்துக்கு இந்த மண்ணில் வேர் இருக்கிறது. ஆம்பூரில் தைத்த காலணி கடல் கடந்து சென்று வேறொரு தேசத்துக் கம்பெனியின் பெயரைத் தாங்கி விலைபோகிறது. தைத்த கையின் பெயரும் அதில் இல்லை, ஊரின் பெயரும் இல்லை. இப்படிப் பல்லாண்டு உழைத்தவர்கள், எழுத்தையும் பிறர் விற்கலாம் என்று கேட்டவுடன் தயங்குவது இயல்பே. ஆனால் அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, காலணிக்கு இல்லாத பாதுகாப்பு இந்த உரிமத்தில் எழுத்துக்கு இருக்கிறது என்பதே. விற்பவரும் எழுதியவர் பெயரைப் போட்டே விற்க வேண்டும். போடாது விற்பாராயின் அவருக்குத் தந்த சம்மதமே அற்றுப்போய், அவர் சட்டத்தின் முன் உரிமையை மீறியவராகிறார். விற்பவர் அதைத் திருத்தி மேம்படுத்தியிருந்தால் அந்த மேம்பாடும் பொதுச்சொத்தாக நம்மிடமே திரும்பி வருகிறது.

வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடைபோடும் உரிமமும் உண்டு. அதைத் தேர்ந்தால் என்ன என்று கேட்கலாம். அவ்வாறு தடைபோட்ட எழுத்தையும் படத்தையும் விக்கிப்பீடியா ஏற்பதில்லை, ஏற்காததற்குத் தக்க காரணமும் இருக்கிறது. குடியாத்தத்தில் மாணவர் கையேடு அச்சிட்டு இருபது ரூபாய்க்கு விற்பவரும் வணிகரே. விலை போட்டு விற்கப்படும் பத்திரிகையும் வணிகமே. பெரிய கம்பெனிக்கென்று போட்ட தடை முதலில் சிக்கவைப்பது இந்தச் சிறியவர்களை. அதுபோலவே மாற்றம் செய்யக் கூடாது என்ற தடையும் கலைக்களஞ்சியத்துக்கு ஒவ்வாது. பழைய கிரந்தங்களில் ஆம்பூர் வட ஆர்க்காடு ஜில்லாவில் இருக்கிறது. பின்னர் வேலூர் மாவட்டமாயிற்று. 2019-ல் வேலூர் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், வாலாஜாவும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும் சென்றன. பேரணாம்பட்டு வேலூரிலேயே தங்கிற்று. திருத்தும் சுதந்திரமில்லாத களஞ்சியம் நம் முகவரியையே பிழையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. சென்னை ராஜதானியின் கல்வி மந்திரியாக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில்தான், 1949-ல், பாரதியின் எழுத்துக்களை அரசாங்கம் விலை கொடுத்து வாங்கியது. பின்னர் அவை மக்களுக்கெல்லாம் பொதுவாயின. அவரே தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைத் தலைமை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரையில் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அக்களஞ்சியமும் பிற்காலத்தில் திறந்த உரிமத்தின்கீழ் அளிக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கிய பெருமை இந்நாட்டு அரசுகளுக்கு உண்டு. ஆனால் நாட்டுடைமை என்பது புகழ்பெற்றவர்களுக்கே கிட்டும் கௌரவம், அரசாங்கம் பொருள் தந்து செய்வது. வாணியம்பாடியில் ஓர் ஓய்வுபெற்ற மேஸ்திரி கடுக்காய்ப் பதனிடலைப் பற்றி எழுதிய நான்கு பக்கத்தை எந்த அரசும் நாட்டுடைமையாக்கப் போவதில்லை. அவரே தம் கையெழுத்தால் அதை நாட்டுக்கு அளிக்க ஒரு வழி இருக்கிறபோது, அவ்வழியை அவருக்குச் சொல்லாமலிருப்பது நம் குறை.

எழுத்து பொதுவில் இருப்பதன் பயன் பாலாற்றின் விஷயத்தில் கண்கூடு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் அந்த ஆறு மாசுபட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் நிலைநாட்டியது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன, ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழ்பட்டிருக்கிறது என்ற விவரங்களை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. நீதிமன்றத் தீர்ப்புகளை எவரும் வெளியிடலாம் என்று பதிப்புரிமைச் சட்டமே விலக்களித்திருப்பதால் அந்த வாசகம் முழுவதும் பொதுவில் இருக்கிறது. இன்றளவும் பாலாற்றைப் பற்றிப் பேசுவோர் அதையே ஆதாரமாக எடுத்தாளுகிறார்கள். அதற்குப் பின் கிணற்று நீரையும் மண்ணையும் ஆராய்ந்து, பொதுப்பணத்தில், நம் சர்வகலாசாலைகளும் அரசுத் துறைகளும் எழுதிய அறிக்கைகளோ அப்படித் திறந்து கிடக்கவில்லை. தன் கிணறு எப்படிக் கெட்டது என்று அறிய விரும்பும் விவசாயிக்கு அவற்றைத் தமிழில் படித்தறியும் உரிமை வேண்டாமா? பொதுப்பணத்தில் எழுதப்பட்டது பொதுவில் வைக்கப்பட வேண்டும் என்று கோருவது சலுகை கேட்பதன்று.

சில எச்சரிக்கைகளும் அவசியம். பிறருடைய கட்டுரையையோ படத்தையோ எடுத்துப் போட்டுத் திறந்த உரிமம் என்று அறிவிப்பது திருட்டு. நமக்கு உரிமையுள்ளதை மட்டுமே நாம் அளிக்க முடியும். வேலை செய்யும் பெண்களின் புகைப்படத்தை அவர்கள் சம்மதமின்றி உலகெங்கும் உலவவிடுவதற்குப் புகைப்படம் எடுத்தவரின் உரிமம் மட்டும் போதாது.

செய்ய வேண்டுவது எளிது. வேலூர் ஊரிசுக் கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி போன்ற பழைமையான கலாசாலைகளும், தோல் வணிகர் சங்கங்களும், தொழிலாளர் சங்கங்களும் மலர் வெளியிடும்போது, கட்டுரை வாங்கும் நாளிலேயே ஒவ்வொருவரிடமும் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெற்றுக்கொள்ளட்டும். உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 30-ம் பிரிவு கூறுகிறது. தர விரும்பாதவரின் கட்டுரையின்கீழ் அவ்வாறே குறித்துவிடலாம். அவரை வற்புறுத்த வேண்டியதில்லை. அட்டைப்படத்தையும் வாழ்த்துரைகளையும் தீர்மானிக்கக் கூடும் முதற்கூட்டத்திலேயே மலர்க்குழு இதையும் தீர்மானித்து, அச்சகத்தின் பெயர் போடும் அந்தப் பக்கத்தில் பின்வரும் வாசகத்தைச் சேர்த்தால் போதும்: “இம்மலரிலுள்ள கட்டுரைகளும் படங்களும், வேறுவிதமாகக் குறிக்கப்பட்டவை நீங்கலாக, கிரியேட்டிவ் காமன்ஸ் ஆக்கியோர்பெயர் குறிப்பிடல், அதேவகைப் பகிர்வு 4.0 சர்வதேச உரிமத்தின்கீழ் வெளியிடப்படுகின்றன.”