கிலுகிலுப்பை இருக்கட்டும்

செப்டம்பர் பிறந்து இரண்டு வாரம் போனால் எங்கள் வீட்டுப் பின்புறத்து ஓடையில் ஒரு வாலாட்டிக் குருவி வந்து நிற்கும். முதுகு சாம்பல், வாலடி எலுமிச்சை மஞ்சள். கல்லுக்குக் கல் தாவும். நின்ற இடத்திலும் வால் மட்டும் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் இறங்குவதற்குள் தெற்கே வந்துவிடுகிற பறவை. எடை ஏறக்குறைய 18 கிராம்தான். பக்கத்து வீட்டு அக்கா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். "வாலாட்டி வந்துருச்சுங்க, ஸ்வெட்டரை எடுத்து வெயில்ல போடுங்க" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வார். குன்னூரில் எனக்கு அதுதான் காலண்டர்.

வாலாட்டி வடக்கிலிருந்து வருகிறது. அது வந்து ஒரு மாதம் கழித்து இன்னொரு கூட்டம் கிழக்கே சமவெளியிலிருந்து ஏறி வருகிறது. இந்த வாரம் எழுத உட்கார்ந்தது அந்தக் கூட்டத்துக்காக.

போன செவ்வாய்க்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலிருந்து லாரி இறங்குவதற்காக வண்டியை நிறுத்தினார்கள். காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில். ஜன்னலுக்கு வெளியே பள்ளத்திலிருந்து பட்டாம்பூச்சிகள் மேலேறி வந்தன. ஒன்று, இரண்டு, பிறகு ஐந்தாறாக. கறுப்புச் சிறகில் வெளிர்நீலத் தீற்றல் உள்ளவை நீல வரியன், கருநீல வரியன். பழுப்புச் சிறகின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி வைத்தவை வெண்புள்ளிக் கருப்பன். எல்லாம் ஒரே திசையில், சாலையைக் குறுக்கே கடந்து, எதிர்ச்சரிவின் மரங்களுக்கு மேலே மேற்கு நோக்கிப் போயின. எண்ண ஆரம்பித்தேன். இருநூறைத் தாண்டியதும் கணக்கு விட்டுப்போயிற்று. திடீரென்று ஒரு மேகம் வெயிலை மறைத்தது. அவ்வளவும் அப்படியே தாழ்ந்து பக்கத்து மரக்கிளைகளில் இறங்கிச் சிறகை மூடிக்கொண்டன. பார்த்தால் சருகு தொங்குகிற மாதிரி இருந்தது. மேகம் விலகியதும் சருகெல்லாம் மறுபடி நீலமாகிப் பறந்தது. நடத்துனர் விசில் கொடுக்கும்வரை பஸ்ஸில் யாருமே பேசவில்லை.

தென்னிந்தியாவில் இந்தப் பயணம் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில், தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளைப் பிடிப்பதற்கு முன்னால், இவை மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கிழக்கே போகின்றன. அக்டோபர், நவம்பரில் திரும்பும் கூட்டம் மேற்கே ஏறி வருகிறது. இரண்டு மழைக்கும் நடுவே கிடைக்கிற வழியில் இந்தப் பூச்சிகள் போய்வருகின்றன. நீலகிரியில் இருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டுவது ஆடி மழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நனைப்பது ஐப்பசி மழை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மழைக்காலம். பட்டாம்பூச்சி ஆய்வாளர் கிருஷ்ணமேக் குந்தே 2005-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இந்தப் பயணம் பற்றி எழுதினார். கோவையின் பட்டாம்பூச்சி ஆர்வலர்கள் வருடந்தோறும் எங்கே, எந்தத் தேதியில், எந்தத் திசையில் என்று குறித்துவைக்கிறார்கள். வட அமெரிக்காவிலிருந்து மெக்சிகோவுக்குப் போகும் மொனார்க் பட்டாம்பூச்சியைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர் குறைவு. நம் வரியன்கள் அதே குடும்பத்து உறவு. அவை நம் வீட்டுக் கூரைக்கு மேலேயே போகின்றன என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

இந்தப் பூச்சிகள் பறப்பதில் அவசரம் இருக்காது. காரணம் உண்டு. வரியன்களின் புழுக்கள் பால் வடியும் கொடிகளைத் தின்கின்றன. கருப்பனின் புழு அரளி இலையையும் தின்னும். அந்தச் செடிகளின் நஞ்சு பூச்சியின் உடம்பிலும் தங்கிவிடுவதால், ஒரு தடவை கொத்திப் பார்த்த பறவை மறுபடி கிட்டே போகாது. பறவைக்கு அஞ்ச வேண்டாத இந்த நிதானம்தான் மலைச்சாலையில் அவற்றுக்கு எமனாகிறது. அன்று பஸ் கிளம்பிய பிறகு சாலையோரத்தில் நீலச் சிறகுகள் ஒட்டிக் கிடப்பதை நானே பார்த்தேன்.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. கிலுகிலுப்பைச் செடி எல்லோருக்கும் தெரிந்ததுதான். மஞ்சள் பூ பூக்கும். காய் முற்றிக் காய்ந்தால் உள்ளே விதை உருண்டு கிலுகிலுவென்று சத்தம் போடும். எங்கள் தெருக்கோடியில், சாலையின் மேட்டுப் பக்கம், அது புதராக நின்றது. அக்டோபரில் காய்ந்த அந்தப் புதர் முழுக்க நீல வரியன் மொய்க்கும். தேன் குடிக்க அல்ல, அதில் பூவே இருக்காது. காய்ந்த தண்டைக் கால்களால் சுரண்டி, உறிஞ்சு குழாயை நீட்டி, நனைத்து நனைத்து உறிஞ்சும். வருபவை பெரும்பாலும் ஆண் பூச்சிகள். அந்தத் தண்டில் உள்ள ஆல்கலாய்டு என்னும் கசப்புச் சத்திலிருந்துதான் அவை பெண்ணை ஈர்க்கும் மணத்தைத் தயாரிக்கின்றன. அந்தக் கசப்பு பகையிடமிருந்தும் காக்கும். தேள்கொடுக்குச் செடியிலும் இதே சத்து உண்டு. முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனாலும் பூச்சி நகராது, அப்படி ஒரு லயிப்பு. போன வருடம் அந்தப் புதருக்கு எதிரே ஒரு மணி நேரம் குந்தியிருந்தேன்.

இந்த வருடம் அங்கே புதர் இல்லை. ஆகஸ்டில் ஜேசிபி வந்து சாலையோரத்தை வழித்துவிட்டுப் போய்விட்டது. "களைதானே சார்" என்றார் ஓட்டியவர். அவர் பிழைப்பை நான் குறை சொல்லமாட்டேன், சொன்ன வேலையைச் செய்தார். வழிக்கச் சொன்னவர்கள் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு முடிவெடுத்திருக்கலாம். தேயிலைத் தோட்டங்களின் ஓரத்திலும் களைக்கொல்லி அடித்து மண் வெறுமையாகத் தெரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக்கோடியில் வரியன்கள் வந்தன. நிற்காமல் கடந்து போயின.

வரியன்கள் கடக்கிற காலத்தில், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, வெயில் உள்ள நாளில், மலை ஏறி வருகிறவர்கள் வளைவுகளில் கொஞ்சம் மெதுவாக வாருங்கள். தோட்டம் வைத்திருப்பவர்கள் வேலியோரம் ஒரு முழம் இடம் கிலுகிலுப்பைக்கு விட்டுவையுங்கள். காய்ந்துபோயிற்றே என்று பிடுங்கிவிடாதீர்கள், வரியன்களுக்கு வேண்டியது காய்ந்த செடிதான்.