கழுவும் முறையும் காணும் உண்மையும்

தந்தையின் உணவும் உளநெருக்கடியும் விந்தணுவின் ஆர்.என்.ஏ. வழியே பிள்ளையைச் சென்றடைகின்றன என்னும் கூற்று, இன்று ஐயந்திரிபற்ற விஞ்ஞான முடிபுபோல் எடுத்தாளப்படுகின்றது. எலிகளிற் பெற்ற சான்றுகள் மனிதன்மீது ஏற்றியுரைக்கப்படுகின்றன. கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை என வினவுவோர் உளர். சான்றின் தூய்மையை ஆராயாது முடிபை ஏற்றலாகாது என்பதே நாம் பயிலுங் கல்வி. ஆதலின் வினவும் உரிமை எமக்குமுண்டு.

கணக்கை நோக்குவோம். சாதாரண உடற்கலமொன்றில் ஏறத்தாழ 10 முதல் 20 பிக்கோகிராம் ஆர்.என்.ஏ. உண்டு, முதிர்ந்த விந்தணுவிலோ 100 பெம்ரோகிராமுக்கு மேல் இருப்பதரிது. ஒரு பிக்கோகிராம் 1000 பெம்ரோகிராமாகும். எனவே, தப்பி நுழைந்த கலமொன்று நூற்றுக்கணக்கான விந்தணுக்களின் குரலை அடக்கிவிடும். விந்துப் பாயத்தில் வெண்குருதிக்கலங்களும் மேலணிக்கலங்களும் இயல்பாகவே கலந்துள்ளன. விந்தணு குறைந்த ஆடவரின் மாதிரியில் இக்கலப்பின் பங்கு மேலும் உயரும். அவ்வாறாயின், வளமுடையார்க்கும் வளமிலார்க்குமிடையே கண்ட வேறுபாடு விந்தணுவினதா, அன்றிக் கலப்பினதா?

கழுவினாற் போதுமென்பர். எம்முறையாற் கழுவுவது? அடர்த்திப் படித்திறன்மீது மையநீக்கஞ் செய்தாலும், நீந்தியேற விட்டாலும், வலிய விந்தணுக்களே தெரிவாகின்றன. எஞ்சியவை ஆய்விலிருந்து விலக்கப்படுகின்றன. அழுக்ககற்றிக் கரைசலால் அயற்கலங்களைச் சிதைப்பின், விந்தணுவின் மென்சவ்வும் அதனோடொட்டிய ஆர்.என்.ஏ.யும் சேதமுறக்கூடும். இறுகப் பொதிந்த விந்தணுத்தலையோ இருகந்தகப் பிணைப்புக்களை உடைக்காது எளிதில் திறவாது. வாசிக்கும் கட்டத்திலும் இடருண்டு: இரசாயன மாற்றமுற்ற சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளை வழமையான முறைகள் தவறவிடுகின்றன என்பதை 2021இல் வெளியான பண்டோரா வரிசையறி முறை எடுத்துக்காட்டிற்று.

இவை ஆய்வுகூட உதவியாளரின் சில்லறை விடயங்களென ஒதுக்குவோருக்கு ஒன்று சொல்வோம்: வழி வேறாயின் விடையும் வேறாகும். மாசினை அறியும் சோதனைகள் இல்லாமலில்லை. சி.டி.45 போன்ற வெண்கல அடையாளங்களைத் தேடலாம். முதிர்ந்த விந்தணுவில் 18எஸ், 28எஸ் றைபோசோம் ஆர்.என்.ஏ.க்கள் பெரிதுஞ் சிதைந்திருத்தலின், அவை முழுமையாய்த் தோன்றின் கலப்பென ஐயுறலாம். இவற்றைச் செய்து காட்டாத கட்டுரையை நாம் ஏன் நம்பவேண்டும்?

மூலச்சுவடி எதுவெனக் கூறாத பதிப்பைத் தமிழறிஞர் ஏலார். தயாரித்த முறையையும் தூய்மையையும் மறைக்கும் ஆய்வும் அத்தகையதே. அதனை நம்பித் தந்தையர்மீது பழி சுமத்துவது விஞ்ஞானமன்று. பழைய ஊழ்வினைக் கொள்கைக்கு அணிவித்த புதிய வெள்ளை அங்கியேயாம்.