கம்பனிச் சுவரில் தொங்கும் செல்வம்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள அலுவலகம் ஒன்றிற்கு அண்மையில் ஒரு காரியமாகச் சென்றிருந்தேன். உடன் வந்த மாணவர், சுவரிலே மாட்டப்பட்டிருந்த பழைய ஓவியம் ஒன்றை நெடுநேரம் பார்த்து நின்றார். வெளியே வந்ததும், "சேர், நாளைக்கு இந்தக் கம்பனி கைமாறினால் அந்தப் படம் எங்கே போகும்?" என்று வினவினார். வினா சிறிது, விடையோ எளிதன்று.

செல்வர் கலையைப் பேணுவது புதிதன்று. அன்று மன்னரும் வணிகரும் செய்ததை இன்று வங்கிகளும் கம்பனிகளும் செய்கின்றன. வறுமையில் உழலும் ஓவியனுக்கு அது பேருதவி என்பதை மறுப்பார் இல்லை. ஆயின், கம்பனி நொடிந்தால், மேசை நாற்காலிகளோடு ஓவியமும் கடன் கொடுத்தோருக்கு உரியதாகிவிடுகின்றது. 2008இல் வீழ்ந்த லீமன் பிரதர்ஸ் என்னும் அமெரிக்க நிதி நிறுவனத்தின் ஓவியங்கள் 2010இல் நியூயோர்க்கில் ஏலம் கூறப்பட்டன.

எயார் இந்தியா விமான நிறுவனத்தின் கதை வேறு. ஹுசேன், ஆரா முதலியோரின் ஓவியங்களை அது 1950களிலிருந்தே வாங்கித் தன் அலுவலகங்களை அணிசெய்தது. 1967இல் ஸ்பானிய ஓவியர் சல்வடோர் டாலி அதற்கெனச் சாம்பற் கிண்ணம் ஒன்றை அமைத்துக் கொடுத்து, கூலியாக யானைக்குட்டி ஒன்றைப் பெற்றார்! இவ்வாறு ஏறத்தாழ 4,000 கலைப்பொருள்கள் சேர்ந்தன. எனினும் காவல் தளர்ந்தது. ஜதின் தாஸ் என்னும் ஓவியர், தாம் அந்நிறுவனத்துக்கு விற்ற படம் வெளிச் சந்தையிலே விலைபேசப்படுவதை 2017இல் அறிந்து திடுக்கிட்டார். 2022இல் நிறுவனம் டாட்டா குழுமத்திடம் சென்றபோது, நல்வினையாகக் கலைச்செல்வம் விற்பனையிற் சேரவில்லை. தேசிய நவீன கலைக்கூடத்துக்கு அதனை ஒப்படைப்பதென 2023இல் உடன்பாடாயிற்று. அரசு உடைமையாளராய் இருந்தமையால் இது கைகூடிற்று.

தனியார் நிறுவனமாயின் என் செய்வது? போர்த்துக்கலில் நொடிந்த தனியார் வங்கி ஒன்றை 2008இல் அரசு ஏற்றபோது, மிரோ என்னும் ஓவியரின் 85 படைப்புகளும் உடன் வந்தன. 2014இல் அவற்றை இலண்டனில் ஏலமிட முற்பட்டனர். மக்கள் கொதித்தெழுந்தனர், ஏலம் நின்றது. இன்று அவை போர்த்தோ நகரிலே பொதுமக்கள் பார்வைக்கு உரியனவாக உள்ளன.

போர்த்துக்கல் என்றதும் நம் ஊரவர்க்கு வேறொரு நினைவு எழும். அந்நாட்டவரே 1622இல் நமது கோணேசர் கோயிலை இடித்தனர். அப்போது அடியார்கள் மண்ணுள் மறைத்தவை என்று கருதப்படும் திருவுருவங்கள், 1950இல் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டன. ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டு, 1963இல் கோயிலிற் பிரதிட்டை செய்யப்பெற்றன. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவை எவருடைய தனிச்சொத்தும் ஆகவில்லை. ஊர் முழுவதும் அவற்றைத் தன்னுடையவை என அறிந்திருந்ததே காரணம்.

இவ்வறிவே காவல். ஆதலின் கம்பனிகளிடம் நாம் கேட்கத்தக்கவை மூன்று. தம்மிடமுள்ள கலைப்பொருள்களின் பட்டியலை வெளியிடுக. ஆண்டிற் சில நாட்களேனும் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து விடுக. விற்க நேரின், முதலில் நாட்டின் நூதனசாலைக்கு வாய்ப்பளிக்குக. உடைமை அவர்களுடையதாகவே இருக்கட்டும். காணும் உரிமையை மட்டும் நமக்கும் ஈந்தாற் போதும்.

என் மாணவருக்கு நான் அளித்த விடையும் இதுவே: "தம்பி, அந்தப் படம் அங்கே இருப்பதை நீர் ஒருவரே அறிந்தால், அது எங்கேயும் போகும். ஊரே அறிந்தால், எளிதில் எங்கேயும் போகாது."